ஆறுதலின் அளவு: தெரபி விலங்குகள் குறித்து ஒரு மதிப்பீடு

மருத்துவமனை வார்டுக்குள் நாயை அழைத்துவரலாம் என்று யாராவது சொன்னால் நம்மில் பெரும்பாலோர் முகம் சுளிப்போம். கிருமிநாசினி போட்டுத் துடைத்த தரையில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்போம். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் முதலிய நாடுகளில் இது பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. சாதாரணக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், தாங்கள் வீட்டில் வளர்க்கும் நாயையோ பூனையையோ முயலையோ கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் பள்ளிக்கும் போகிறார்கள். இதற்கு அவர்கள் கூலி வாங்குவதில்லை. நோயாளியின் கட்டிலருகே சிறிது நேரம் இருந்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார்கள்.

இந்த வழக்கம் பரவிய அளவுக்கு அதைப் பற்றிய தெளிவு பரவவில்லை. நாயைத் தடவினால் இரத்த அழுத்தம் இறங்கும், மனச்சோர்வு போகும், ஆட்டிசம் சரியாகும் என்றெல்லாம் ஒரு பக்கம் சொல்கிறார்கள். பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு என்று மறுபக்கம் தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் என்ன பயன்? யாருக்கு, எவ்வளவு? என்ன ஆபத்து? இதற்காக அந்த விலங்கு எதைச் சுமக்கிறது? இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்திருக்கும் விடைகளைத் தொகுத்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விலங்குகள் நோயைக் குணப்படுத்துவதில்லை. அவை தருவது ஆறுதல். அது சிறியது, குறுகிய நேரமே நிற்பது, ஆனாலும் உண்மையானது. அதை மருந்தென்று பெரிதாக்காமல் ஆறுதலாகவே மதித்து, அதற்குரிய ஒழுங்குகளோடு நடத்தினால் இது போற்ற வேண்டிய பொதுப்பணி.

மூன்று வகை, மூன்று பொறுப்பு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பார்வையற்றவரைச் சாலை கடத்திவிடும் வழிகாட்டி நாய் ஒரு வகை. அது ஒரே ஒருவரின் குறைபாட்டுக்கு உதவுவதற்கென்று நீண்ட பயிற்சி பெற்றது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதற்குக் கடை, உணவகம், பேருந்து என எல்லாப் பொது இடங்களிலும் நுழையும் உரிமை தந்திருக்கிறது.

தெரபி நாய் வேறு வகை. அது உரிமையாளருக்காக அல்லாமல் மற்றவர்களுக்காக வேலை செய்கிறது. அதற்குத் தனியாக எந்த நுழைவுரிமையும் கிடையாது. மருத்துவமனையோ பள்ளியோ அழைத்தால்தான் உள்ளே வர முடியும்.

மூன்றாவது, மனத்துணைக்காக ஒருவர் தம்மோடு வைத்துக்கொள்ளும் விலங்கு. அதற்குப் பயிற்சி கட்டாயமில்லை. இந்த மூன்றாம் வகையின் பெயரால் அமெரிக்க விமானங்களில் பல முறைகேடுகள் நடந்தன. 2018 ஜனவரியில் நூவர்க் விமான நிலையத்துக்கு ஒரு பெண் மயிலோடு வந்து, அதைத் தன் மனத்துணை என்று சொல்லி விமானத்தில் ஏற்றக் கேட்டது உலகச் செய்தியானது. மனத்துணை விலங்குகளுக்குச் சிறப்புச் சலுகை தரவேண்டியதில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2020 டிசம்பரில் விதியையே மாற்றியது. இப்படிப்பட்ட செய்திகள் பயிற்சி பெற்ற நாய்களின் மேலுள்ள நம்பிக்கையையும் சேர்த்தே குலைத்தன.

தெரபி விலங்குகளுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. உரிமம் பெற்ற உளவியலாளரோ இயன்முறை மருத்துவரோ இலக்கு வகுத்து, குறிப்பேடு எழுதி, சிகிச்சையின் ஒரு பகுதியாக விலங்கைச் சேர்ப்பது ஒன்று. தன்னார்வலர்கள் விலங்கோடு வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போவது மற்றொன்று. மனித–விலங்கு உறவுக்கான அமைப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐஏஎச்ஏஐஓ 2014இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இவ்விரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. இக்கட்டுரை பெரிதும் இரண்டாவதைப் பற்றியது.

யார்க் நகரிலிருந்து நியூயார்க் வரை

மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த காலத்தில், இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796இல் ஒரு விடுதி திறக்கப்பட்டது. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் டியூக் அதை நிறுவினார். அதன் முற்றங்களில் முயல், கோழி, கடற்காகம் போன்றவை வளர்க்கப்பட்டன. தம்மைவிட வலுவற்ற ஓர் உயிரைப் பார்த்துக்கொள்ளும்போது நோயாளியின் உள்ளத்தில் கனிவும் தன்னடக்கமும் வளரும் என்று அங்குள்ளவர்கள் நம்பினார்கள். நவீன செவிலியர் பணிக்கு வித்திட்ட பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியர் குறிப்புகள் நூலில், நாள்பட்ட நோயாளிகளுக்குச் சிறிய வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று பதிவு செய்திருக்கிறார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், நியூ கினி காட்டில் கைவிடப்பட்ட ஒரு பதுங்குகுழியில் அமெரிக்கப் படையினர் ஒரு குட்டி நாயைக் கண்டெடுத்தார்கள். யார்க்‌ஷயர் டெரியர் இனம். எடை இரண்டு கிலோவைத் தாண்டாது. பில் வின் என்ற படைவீரர் அதை வாங்கி ஸ்மோக்கி என்று பெயரிட்டார். அவர் டெங்கு காய்ச்சலில் படுத்தபோது நண்பர்கள் ஸ்மோக்கியை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். செவிலியர்கள் அதைக் காயம்பட்ட மற்ற வீரர்களிடமும் தூக்கிச் சென்றார்கள். இன்று ஸ்மோக்கியை முதல் தெரபி நாய்களில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்தத் துறைக்கு அறிவுலகில் இடம் தேடித் தந்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன். யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவனைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்துவந்துவிட்டார்கள். அறையில் இருந்த லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் சிறுவனிடம் ஓடியது. அவன் அதை அணைத்துக்கொண்டான். அடுத்தடுத்த சந்திப்புகளில், நாயோடு விளையாடுவதற்காக வந்த பையன் மெல்ல மருத்துவரிடமும் பேசத் தொடங்கினான். லெவின்சன் 1961இல் இதை அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். நாய்க்கும் கட்டணத்தில் பங்கு உண்டா என்று சிலர் கேலி செய்தார்கள். அவர் பின்வாங்கவில்லை; 1962இல் கட்டுரையாகவும் 1969இல் நூலாகவும் எழுதினார்.

இவை தனிமனித முயற்சிகள். அவற்றை ஒழுங்குபட்ட தன்னார்வப் பணியாக மாற்றியவை அமைப்புகள். இங்கிலாந்தில் பணியாற்றியபோது ஒரு பாதிரியார் தம் நாயோடு நோயாளிகளைப் பார்க்க வந்ததையும் அவர்கள் முகம் மலர்ந்ததையும் கண்ட அமெரிக்கச் செவிலியர் எலைன் ஸ்மித், நாடு திரும்பி 1976இல் நியூ ஜெர்சியில் தெரபி டாக்ஸ் இன்டர்நேஷனலைத் தொடங்கினார். 1977இல் ஆரிகன் மாநிலத்தில் உருவான டெல்டா அமைப்பு இன்று பெட் பார்ட்னர்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. பிரிட்டனில் 1983இல் பெட்ஸ் ஆஸ் தெரபி பிறந்தது. ஹாங்காங்கில் 1991இல் ஜில் ராபின்சன் தொடங்கிய ‘டாக்டர் டாக்’ திட்டம் இந்த எண்ணத்தை ஆசிய நாடுகளுக்குக் கொண்டுவந்தது.

தேர்வும் வருகையும்

அன்பான நாய் எல்லாம் தெரபி நாய் ஆகிவிட முடியாது. வீட்டாரிடம் குழையும் நாய் அந்நியர் பத்துப் பேர் சூழ்ந்தால் நடுங்கலாம். அதனால்தான் இந்த அமைப்புகள் விலங்கையும் அதன் உரிமையாளரையும் ஒரு சோடியாகவே சோதிக்கின்றன. தேர்வாளர் நாயை முரட்டுத்தனமாகத் தடவிப் பார்ப்பார், இறுக்கி அணைப்பார். பின்னால் பாத்திரம் ஒன்று சத்தத்தோடு விழும். ஊன்றுகோலும் நடைசட்டமும் பக்கத்தில் இழுபடும். தரையில் தின்பண்டம் கிடக்க, நாய் அதைத் தாண்டிப் போக வேண்டும். இவற்றையெல்லாம் சகித்துக்கொண்டால் மட்டும் போதாது. அந்நியரின் அருகாமையை நாய் உள்ளபடியே விரும்புகிறதா என்பதையும் பார்ப்பார்கள். மறுபுறம் உரிமையாளர் நாயின் முகக்குறிப்பைப் படிக்கிறாரா, தேவையானபோது அதைக் காத்து விலக்குகிறாரா என்றும் மதிப்பெண் உண்டு.

பெட் பார்ட்னர்ஸ் அமைப்பில் நாய்க்குக் குறைந்தது ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுதேர்வு உண்டு. பச்சை இறைச்சி தின்னும் விலங்குகளை அந்த அமைப்பு சேர்ப்பதில்லை. நாயைத் தவிரப் பூனை, குதிரை, முயல், கினிப்பன்றி, லாமா, பறவை, சிறுவகைப் பன்றி, வளர்ப்பு எலி ஆகியவற்றுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

களங்கள் பலவகை. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் 1999இல் தொடங்கிய ‘ரீட்’ திட்டத்தில் குழந்தைகள் நாய்க்கு உரக்கப் படித்துக் காட்டுகிறார்கள். திக்கித் திணறினாலும் நாய் திருத்துவதில்லை, சிரிப்பதில்லை. வகுப்பறையில் வாய் திறக்கக் கூசும் பிள்ளை அங்கே படிக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் 2013 முதல் தன்னார்வலர்களின் நாய்கள் பயணிகளிடையே உலாவுகின்றன. லூத்தரன் சர்ச் சாரிட்டீஸ் என்ற அமைப்பு, வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் 2008இல் ஆறுதல் நாய்த் திட்டத்தைத் தொடங்கியது. நியூடவுன் நகரின் சாண்டி ஹூக் பள்ளியில் 2012இல் இருபது குழந்தைகளும் ஆறு ஆசிரியப் பணியாளர்களும் கொல்லப்பட்டபோது அந்த நாய்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. பெரியவர்களுக்கே பேச வார்த்தை இல்லாத இடத்தில், எதுவும் பேசத் தேவையில்லாத ஓர் உயிர் பக்கத்தில் இருந்தது.

சான்றுகள் என்ன சொல்கின்றன?

இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, எரிக்கா ஃபிரீட்மன் குழுவினர் 1980இல் வெளியிட்டது. மாரடைப்பு, நெஞ்சுவலிக்காகச் சேர்க்கப்பட்ட 92 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். வளர்ப்புப் பிராணி இருந்த 53 பேரில் 3 பேரும், இல்லாத 39 பேரில் 11 பேரும் இறந்திருந்தார்கள். ஆனால் இது சொந்தமாக விலங்கு வளர்ப்பதைப் பற்றியது. நாய் வளர்க்கும் அளவுக்குத் தெம்புள்ளவர்கள் முதலிலேயே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம். சில நிமிடம் வந்துபோகும் தெரபி நாய்க்கு இதைச் சான்றாகக் காட்டுவது தவறு.

நேரடிச் சான்றுகளுக்கு வருவோம். 2007இல் வெளியான கலிபோர்னியா ஆய்வொன்றில், முற்றிய இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்ட 76 பேரை மூன்று குழுவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழுவைத் தன்னார்வலர் நாயோடு வந்து 12 நிமிடம் பார்த்தார். இன்னொரு குழுவைத் தன்னார்வலர் மட்டும் பார்த்தார். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. நாய் வந்தவர்களிடம் பதற்றம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. நுரையீரல் தமனி அழுத்தமும் அட்ரினலின் அளவும் இறங்கின. மனிதர் வந்ததால் கிடைத்த பயன் எவ்வளவு, நாயால் கிடைத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றதுதான் இதன் சிறப்பு.

கனடாவின் சாஸ்கடூன் நகரில் அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருந்தவர்களைத் தன்னார்வலர்கள் நாயோடு 10 நிமிடம் சந்தித்தார்கள். வலியும் பதற்றமும் குறைந்ததாக நோயாளிகள் தெரிவித்ததை 2022இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. இங்கே நாயில்லாமல் மனிதர் மட்டும் வரும் குழு இல்லை என்பது குறை. இண்டியானாபொலிஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 80 சிறாரிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வு இன்னும் கவனமானது. பயந்த குழந்தைகளை ஆற்றுப்படுத்துவதற்கென்றே பயிற்சி பெற்ற பணியாளர் இரு குழுவையும் பார்த்துக்கொண்டார். ஒரு குழுவுக்கு மட்டும் கூடவே தெரபி நாய் வந்தது. அந்தக் குழுவில்தான் பதற்றம் கூடுதலாகத் தணிந்தது.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வில் நான்கு குழுக்கள். ஒன்று நாய் பூனைகளை 10 நிமிடம் தொட்டு விளையாடியது. ஒன்று பிறர் விளையாடுவதை வரிசையில் நின்று பார்த்தது. ஒன்று படங்களைப் பார்த்தது. ஒன்று சும்மா காத்திருந்தது. உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் அளவு, தொட்டு விளையாடியவர்களிடம்தான் மிகவும் குறைவாக இருந்தது.

எல்லா முடிவுகளும் இப்படி மனத்துக்கு இதமாக இருப்பதில்லை. அமெரிக்காவின் ஐந்து மருத்துவமனைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற 106 குழந்தைகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், நாய் வந்த குழுவிலும் வராத குழுவிலும் பதற்றம் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தது. பெற்றோரின் மன அழுத்தம்தான் நாய் வந்த குழுவில் தணிந்தது. மறதி நோயாளிகளுக்கான விலங்குத் துணைச் சிகிச்சை பற்றி 2019இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, 305 பேர் பங்கேற்ற ஒன்பது ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வு சற்றே குறையலாம், ஆனால் சான்று வலுவற்றது என்பதற்குமேல் அதனால் சொல்ல முடியவில்லை.

ஆட்டிசம் உள்ள 127 பேரிடம் கொலராடோவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு முறையளவில் ஒரு நல்ல முன்மாதிரி. ஒரு குழு பத்து வாரம் குதிரை ஏறியது. இன்னொரு குழு அதே லாயத்தில் உயிருள்ள குதிரை இல்லாமல் அதே பாடங்களைக் கற்றது. குதிரை ஏறியவர்களிடம் எரிச்சலும் துறுதுறுப்பும் கூடுதலாகக் குறைந்தன. இது ஆட்டிசத்தைச் ‘சரிசெய்தது’ என்று பொருளாகாது. அன்றாடம் சற்று எளிதானது என்றுதான் பொருள்.

இந்த ஆய்வுகளின் அடிப்படைச் சிக்கல் மாறாதது. மருந்துச் சோதனையில் வெற்று மாத்திரையைக் கொடுத்து நோயாளியை அறியாமல் வைத்திருக்கலாம். மடியில் நாய் இருக்கிறதா இல்லையா என்பதை யாரிடமும் மறைக்க முடியாது. பங்கேற்பவர்கள் பெரும்பாலும் விலங்குப் பிரியர்கள். ஆள் எண்ணிக்கையும் குறைவு. அளவீடும் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தோடு முடிந்துவிடுகிறது. ஆகவே நேர்மையாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: விலங்கை விரும்புகிறவர்களுக்கு, அச்சமும் வலியும் மிகுந்த வேளையில், பதற்றம் குறுகிய நேரத்துக்குக் குறைகிறது. நோயின் போக்கு மாறுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை.

எதனால் ஆறுதல்?

தொடுதலின் பங்கு பெரிது. மருத்துவமனையில் நோயாளியைத் தொடுகிற கைகள் பெரும்பாலும் ஊசி போடவோ இரத்தம் எடுக்கவோதான் வருகின்றன. வெதுவெதுப்பான, மென்மையான ஓர் உடலைத் தாமாகக் கைநீட்டித் தொடும் வாய்ப்பு அங்கே அரிது. 2003இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், மனிதர் நாயை அன்பாகத் தடவும்போது இருவருடைய இரத்தத்திலும் ஆக்ஸிடாசின் கூடுவதைக் கண்டார்கள். தாயையும் சேயையும் பிணைக்கும் ஹார்மோன் அது. ஜப்பானில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே இதைத் தூண்டுகிறது என்று காட்டியது.

இரண்டாவது, நாய் எதையும் கேட்பதில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு நோயாளி ஒரு நாளில் பலமுறை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உறவினர் முன் தைரியமாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாயின் முன் அந்த வேடம் தேவையில்லை. முதியோர் இல்லங்களில் ஆய்வாளர்கள் 2005இல் கண்டது இதற்குப் பொருந்துகிறது. குழுவாகச் சேர்ந்து நாயைச் சந்தித்தவர்களைவிடத் தனியாகச் சந்தித்தவர்களுக்கே தனிமையுணர்வு அதிகம் குறைந்தது.

உயிருள்ள விலங்குதான் வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. ஜப்பானின் தகனோரி ஷிபாதா உருவாக்கிய பாரோ என்ற கடல்நாய்க்குட்டி வடிவ ரோபோ, தடவினால் கண் சிமிட்டும், குரல் கொடுக்கும். ஆஸ்திரேலியாவின் 28 முதியோர் இல்லங்களில் மறதி நோயுள்ள 415 பேரிடம் அதைச் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்பைவிட அது சற்று மேலாக இருந்தது. ஆனால் அசையாத அதே பொம்மையோடு ஒப்பிட்டால் வேறுபாடு சிறிதே. மறதி முற்றியவர்களுக்கு அணைத்துக்கொள்ள ஏதோ ஒன்று கையில் இருப்பதே பாதி ஆறுதல் என்பதை இது உணர்த்துகிறது. கடிக்காத, கிருமி பரப்பாத பொம்மை போதும் இடத்தில் நாயை வற்புறுத்த வேண்டியதில்லை.

கிருமியும் அச்சமும்

மருத்துவமனையில் நாய் என்றால் நமக்கு முதலில் எழும் தயக்கம் நியாயமானது. ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்துகின்றன. கனடாவில் வருகை நாய்களைச் சோதித்தவர்கள், மருத்துவமனைக்குப் போகும் நாய்களிடம் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம் ஆகிய கிருமிகள் தொற்றும் வாய்ப்பு கூடுதல் என்று 2009இல் எழுதினார்கள். நோயாளியை நக்கும் நாய்க்கும், அவர் கையால் தின்பண்டம் வாங்கித் தின்னும் நாய்க்கும் ஆபத்து மேலும் அதிகம். பச்சை இறைச்சி தின்னும் நாய்கள் சால்மொனெல்லாவைச் சுமப்பதையும் அவர்கள் கண்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, கிருமி பல சமயம் மருத்துவமனையிலிருந்துதான் நாய்க்குப் போகிறது. நாய் அதை அடுத்த கட்டிலுக்கு எடுத்துச் செல்கிறது.

தீர்வுகள் கடினமானவை அல்ல. நாயைத் தடவும் முன்னும் பின்னும் கை சுத்தம் செய்வது, வருகைக்கு முன் குளிப்பாட்டுவது, கட்டிலில் ஏறினால் கீழே தனி விரிப்பு போட்டு ஒவ்வொரு நோயாளிக்கும் அதை மாற்றுவது, நக்க விடாதிருப்பது, எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களையும் தனிமைப்படுத்தப்பட்டவர்களையும் தவிர்ப்பது. அமெரிக்க மருத்துவமனைத் தொற்றியல் சங்கமான ஷியா 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இத்தகையவற்றை வகுத்திருக்கின்றன. நாயின் ரோமத்தில் கிருமிநாசினி கலந்த துடைப்பான் பயன்படுத்தினால் கிருமி பரவுவது குறையலாம் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களும் காட்டினார்கள்.

கிருமிக்கு இணையான இன்னொரு பொறுப்பு சம்மதம். சிலருக்கு ஒவ்வாமை. சிலருக்குச் சிறுவயதில் கடிபட்ட பயம். சிலருடைய சமய வழக்கத்தில் நாயின் எச்சில் படுவது விலக்கு. எழுந்து போக முடியாமல் படுத்திருப்பவரிடம் கேட்காமல் நாயைக் கொண்டுபோவது ஆறுதலாகாது, அத்துமீறல். வாசலில் நின்று, வரலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு விலகத் தெரிந்தவரே நல்ல தன்னார்வலர்.

விலங்கின் பக்கம்

கொண்டாட்டக் கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபடுவது விலங்கின் நிலை. அது தன்னார்வலர் என்று நாம் அன்பாகச் சொல்கிறோம். ஆனால் அது விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2006இல், வேலை இருந்த நாட்களில் தெரபி நாய்களின் கார்டிசால் அளவு ஓய்வு நாட்களைவிடக் கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். அது துன்பமா, வெறும் உற்சாகமா என்று கார்டிசாலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முன்னர்ச் சொன்ன புற்றுநோய்க் குழந்தைகள் ஆய்வில் நாய்களிடம் குறிப்பிடத்தக்க அழுத்தம் தெரியவில்லை. கட்டவிழ்த்துவிட்டு, விரும்பினால் விலகிப்போக இடம் கொடுத்த நாய்கள் அமைதியாக இருந்ததாக வேறு ஆய்வு சொல்கிறது. விலகிப்போகும் உரிமைதான் இதில் அடிப்படை என்று நான் கருதுகிறேன். நாய் எழுந்து போய்விடலாம் என்றிருந்தும் போகாமல் பக்கத்தில் படுத்திருக்கிறது என்றால், அதுவே அதனால் தரக்கூடிய சம்மதம்.

அந்தச் சம்மதம் திரும்பப் பெறப்படுவதையும் நாய் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. களைப்பில்லாமலேயே கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஓடாமலேயே இரைக்கும், வாலைத் தாழ்த்தும். இவற்றைப் பார்த்தவுடனே, வரிசையில் இன்னும் எத்தனை குழந்தைகள் காத்திருந்தாலும், உரிமையாளர் வருகையை முடித்துக்கொள்ள வேண்டும். வருகை ஒரு மணி நேரத்தைத் தாண்டாதிருப்பதும், வயதான விலங்குக்கு ஓய்வு கொடுப்பதும் சலுகைகள் அல்ல, கட்டாயங்கள்.

இதே அளவுகோல்படி சிலவற்றை முற்றாக விலக்க வேண்டியிருக்கிறது. டால்பினோடு நீந்தினால் ஆட்டிசம் குணமாகும் என்று விளம்பரம் செய்து பெற்றோரிடம் பெருந்தொகை வாங்குகிறார்கள். லோரி மரினோவும் ஸ்காட் லிலியன்ஃபெல்டும் 1998லும் 2007லும் செய்த மதிப்பாய்வுகள் அதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் இல்லை என்று காட்டின. காட்டிலும் கடலிலும் வாழ வேண்டிய உயிர்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, மனிதரோடு பழகி வளர்ந்த வீட்டு விலங்குகள் மட்டுமே போதும் என்பது ஐஏஎச்ஏஐஓவின் நிலைப்பாடும்கூட.

நம் ஊருக்கு எது பொருந்தும்?

தமிழ்நாட்டுக்கு இது முற்றிலும் புதிது அல்ல. ‘டாக்டர் டாக்’ திட்டம் சென்னைக்கும் வந்தது. சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளையின் சரஸ்வதி கேந்திரத்தில் சிறப்புக் குழந்தைகளோடு நாய்கள் பழகவிடப்பட்டன. ஆனால் முயற்சிகள் ஆங்காங்கே நிற்கின்றன, பெருகவில்லை.

காரணங்களில் முதன்மையானது ரேபிஸ். உலகில் ரேபிஸால் நிகழும் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. இப்படிப்பட்ட நாட்டில் நாயைக் கண்டு ஒரு தாய் அஞ்சுவதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. ஆகவே மேலைநாட்டு விதிகளை அப்படியே எடுத்துவந்தால் போதாது. ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டதற்கான கால்நடை மருத்துவர் சான்று, தெருவில் தனியே அலையாத வளர்ப்பு, குடற்புழு நீக்கம், உண்ணி இல்லாத உடல் ஆகியவை இங்கே முதல் நிபந்தனையாக வேண்டும். நமது அரசு மருத்துவமனைகளின் நெரிசலில் பொது வார்டுக்குள் நாய் போவது இன்றைக்கு நடவாத காரியம். முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, பேச்சுப் பயிற்சி மையம், கல்லூரி விடுதி போன்ற சிறிய, கட்டுப்படுத்தக்கூடிய இடங்களிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

வெளிநாட்டு இன நாய்தான் வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். இனத்தைவிட அந்தந்த நாயின் சுபாவமே முக்கியம். பொதுவாக ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்றவை காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்து வந்தவை. அந்நியரிடம் அவை ஒதுங்கி நின்றால் அது அவற்றின் குறையாகாது. வீட்டில் வளர்ந்த, மனிதரை விரும்பும் ஒரு நாட்டு நாய் தேர்வில் தேறினால் அதுவே போதும். கோடை வெயிலில் தடித்த ரோமமுள்ள நாயை வண்டியில் ஏற்றி அலைக்கழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தன்னார்வத்துக்கும் நம் பக்கத்திலேயே முன்னோடி இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி, ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்திலிருந்து கிளைத்து, கேரளம் முழுவதும் பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தார் வீடுதேடிப் போய்ப் படுக்கை நோயாளிகளைக் கவனிக்கும் வலைப்பின்னல் வளர்ந்திருக்கிறது. அதன் பாடம் எளியது: நல்ல மனம் மட்டும் போதாது, பயிற்சியும் முறையான மேற்பார்வையும் வேண்டும். விலங்கோடு போகும் தன்னார்வலருக்கும் அதே பாடம்தான்.

முடிவாக

தெரபி விலங்குகளைப் பற்றிய விவாதம் ‘வேலை செய்கிறதா, இல்லையா’ என்ற ஒற்றைக் கேள்வியில் சிக்கிக் கிடக்கிறது. மருத்துவம் குணப்படுத்துவதை மட்டும் மதிக்கும்போது, ஆறுதலும் தன்னைக் குணமென்று காட்டிக்கொண்டால்தான் உள்ளே வர முடியும் என்றாகிவிடுகிறது. மிகைப்படுத்தல் அங்கேதான் பிறக்கிறது. பெற்றோர் ஏமாறுவதும், விலங்கு அளவுக்கு மீறி உழைப்பதும் அதன் விளைவுகள். ஊசிக்குக் காத்திருக்கும் குழந்தையின் பயம் சில நிமிடம் தணிவது தன்னளவில் நல்லது. அதற்கு வேறு நியாயம் தேவையில்லை.

அதே சமயம், சிறிய நன்மை என்பதால் அதற்குத் தரும் விலையும் சிறியதாகவே இருக்க வேண்டும். நோயாளிக்குத் தொற்று, அஞ்சுபவருக்கு வற்புறுத்தல், விலங்குக்குத் துன்பம் ஆகிய மூன்றில் ஒன்று நேர்ந்தாலும் கணக்கு நட்டத்தில் முடியும். தேர்வு, தடுப்பூசி, கைச்சுத்தம், சம்மதம், ஓய்வு என்ற ஐந்தையும் விடாமல் கடைப்பிடிக்க முடிந்த இடத்தில் இதைத் தொடங்கலாம். கடைப்பிடிக்க முடியாத இடத்தில், எவ்வளவு ஆசை இருந்தாலும், காத்திருக்க வேண்டும். நம் முதியோர் இல்லங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலும் இதற்கான தேவை இருக்கிறது. அன்பான விலங்குகளும் அவற்றை வளர்க்கும் நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஒன்றுசேர்த்துத் தேர்வும் பயிற்சியும் தர நமக்கென்று ஒரு நெறிமுறை வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் நம் கால்நடை மருத்துவர்களும் மருத்துவர்களும் உளவியலாளர்களும்தான். ஒரே மேசையில் உட்கார்ந்து அதை அவர்கள் எழுதத் தொடங்க வேண்டிய காலம் இது.